மாமாவின் இடக்கை

எங்கள் மாமாவிடம் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூனோ-60 என்ற சிந்தசைசர் ஒன்று இருக்கிறது. 1982இல் ஜப்பானில் வெளியான கருவி. ஊரில் அதை யாரும் சிந்தசைசர் என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் அது ‘மாமாட ஓர்கன்’தான். 61 கட்டைகள், இரு பக்கமும் மரப்பலகை, மேற்பலகை முழுவதும் மேலும் கீழுமாகத் தள்ளுகிற குமிழ்கள். ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் மட்டுமே ஒலிக்கும், ஏழாவதுக்கு இடமில்லை. கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒலி ஒரே அளவில்தான் வரும். இப்போது கடையில் விற்கிற சிறுபிள்ளைக் கீபோர்டுகளில் நூற்றுக்கணக்கான வாத்தியங்கள் இருக்கும்போது, இதில் பியானோகூட ஒழுங்காக வராது. ஆனால் ‘கோரஸ்’ என்று எழுதிய பொத்தானை அமர்த்திவிட்டு நாலு கட்டையை ஒன்றாகப் பிடித்தால், ஓலைவேலிக்கு அப்பால் போகிறவர்களும் ஒருகணம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

கறாரான ஆட்கள் ஜூனோவை முழு அனலொக் என்று ஒப்புக்கொள்வதில்லை. அதன் சுருதியை ஒரு டிஜிட்டல் கடிகாரம் பிடித்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். உண்மைதான். அதனால்தான் எங்கள் ஊர் வெக்கையிலும் அது சுருதி தப்புவதில்லை என்பது என் பதில். சுருதியைத் தவிர மற்றதெல்லாம், ஒலியை வடிகட்டுவதும் வளைப்பதும் அடக்குவதும், மின்னோட்டமே செய்கிற வேலை. அதில் எண்களுக்கு இடமில்லை.

மாமா எண்பதுகளில் கொழும்பில் ஒரு இசைக்குழுவில் வாசித்தவர். கல்யாண வீடுகள், ஹோட்டல் விருந்துகள், பைலா இரவுகள். 1987இல் கலைந்துபோன இன்னொரு குழுவிடமிருந்து இந்தக் கருவியைத் தவணைக் காசுக்கு வாங்கினார். ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்யப்பட்டது என்பதால் 100 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதற்கென்று ஒரு தனி ட்ரான்ஸ்போமர், செங்கல் அளவில், அதன் பின்னாலேயே போகும். 1994இல் ஊருக்குத் திரும்பியபோது உமல் ஒன்றில் ட்ரான்ஸ்போமரும், சாரத்தில் சுற்றிய கருவியுமாக லொறியில் வந்திறங்கினார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. ஊரிலும் இசையைப் பற்றி வேறு வேறு அபிப்பிராயங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. மாமா யாரோடும் தர்க்கிக்கவில்லை. பின்னறையில் வைத்துக்கொண்டார். பாங்கு சொன்னால் நிறுத்துவார். அவ்வளவுதான்.

2019இல் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சுத் திரும்பியது, கால் ஓரளவு திரும்பியது. இடக்கை திரும்பவில்லை.

அவர் தானாகவே அமைத்த மெட்டு ஒன்று உண்டு. நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து கேட்டு வருவது. வலக்கையில் ஓடுவது ஒரு சாதாரண இனிமையான பாட்டு. அதை யாரும் முணுமுணுக்கலாம். விசயம் எல்லாம் இடக்கையில்தான். ஆறெட்டுத் தாளத்தில், ஆனால் இரண்டாவது அடி எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி விழும்படியாக, தாழ்ந்த சுரங்களை ஒரு நொண்டி நடையில் நடத்துவார். ரபான் அடிக்கிறவர்களிடம் அந்த நடையைக் கேட்டிருக்கிறேன். அதை ஓர்கனில் கொண்டுவந்தது அவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம். அதை அவர் எங்கும் ஒலிப்பதிவு செய்யவில்லை. எழுதி வைக்கவும் இல்லை. சுரம் எழுதத் தெரியாது அவருக்கு.

பாரிசவாதத்துக்குப் பிறகு வலக்கையால் மட்டும் அந்த மெட்டை வாசித்துக் காட்டினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது அந்த மெட்டல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மிடி என்ற யோசனை எனக்கு வந்தது அப்போதுதான். வாசகர்களுள் இசைக்கலைஞர்கள் சிலர் இருப்பீர்கள்; உங்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனக்கென ஒரு பாஷை பேசியது. ஒன்றின் கட்டையை அமர்த்தி மற்றொன்றை ஒலிக்கச் செய்வது பெரும்பாடு. அமெரிக்காவில் சீக்வென்சியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித்தும் ரோலண்டைத் தொடங்கிய இக்குதாரோ ககெஹாஷியும் மற்றச் சில நிறுவனத்தாரும் சேர்ந்து பொதுப்பாஷை ஒன்றை ஆக்கினார்கள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரத்தில் நடந்த இசை வணிகக் கண்காட்சியில், ஒருவருடைய கருவியையும் மற்றவருடைய கருவியையும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் வாசித்தது. அந்தப் பாஷைதான் மிடி. இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அதைப் பயன்படுத்துகிற எவரிடமும் அவர்கள் உரிமைக் காசு கேட்கவில்லை என்பதே. ஊர்க்கிணறு மாதிரி விட்டுவிட்டார்கள். ககெஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் காலமாகிவிட்டார்கள். கிணறு ஊறிக்கொண்டிருக்கிறது.

மாமாவின் ஜூனோ 1982ஆம் ஆண்டுக்காரன். கிணறு தோண்டுவதற்கு ஒரு வருசம் முந்தியவன். அதன் முதுகில் இருந்தது டிசிபி என்ற ரோலண்டின் சொந்தச் சொக்கெட். பதினான்கு முனை. எந்தக் கட்டை அமர்ந்தது, எந்தக் கட்டை எழுந்தது என்பதை மட்டும் அது சொல்லும், கேட்கும். வேறொன்றும் தெரியாது. ரோலண்டே பிறகு எம்டி-8 என்ற பெட்டியொன்றை விற்றது. டிசிபியையும் மிடியையும் மொழிபெயர்க்கிற பெட்டி. அது எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆனால் அதே வேலையைச் செய்கிற சிறிய பலகைகளை இப்போதும் வெளிநாடுகளில் சிலர் செய்து விற்கிறார்கள். கத்தாரில் வேலை செய்கிற தம்பி முறையான ஒருவர் 2021இல் அப்படி ஒன்றை வாங்கி, பிள்ளைகளின் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கையில் அடங்குகிற பச்சைப் பலகை.

மாமாவுக்கு ஒரே பயம்தான். “ஓட்ட போடாம செய்யேலுமா மகன்?” என்று மூன்று தரம் கேட்டார். பழைய கருவியைத் துளைப்பது பாவம் என்று உலகம் முழுவதும் ஒரு கட்சி இருக்கிறது. அவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. டிசிபிச் சொக்கெட் இருந்த துவாரத்திலேயே புதிய பலகை பொருந்திவிட்டது. அயலூர் ரேடியோ பாஸ் ஒருவர் வந்து, கரண்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, முதலில் ஒரு மணி நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். முப்பது வருசத்துத் தூசு. “இதச் செஞ்சவன் நல்ல வேலக்காரன் சேர்” என்று உள்ளே இருந்த வயர்க்கட்டைப் பார்த்துச் சொன்னார். பழைய சொக்கெட்டைக் கழற்றி ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு மாமாவின் கையில் கொடுத்தார். மாமா அதை அலுமாரியில் உறுதிப்பத்திரங்களோடு வைத்தார்.

அதே நாளில் பெட்டரியையும் மாற்றினோம். 56 ஒலி அமைப்புகளை ஞாபகத்தில் வைத்திருப்பது அந்தச் சிறு பெட்டரிதான். அது எப்போதோ தீர்ந்திருந்தது. மாமாவின் அமைப்புகள் போய்விட்டன என்றே எண்ணியிருந்தோம். மாமி ஒரு கெசட்டைக் கொண்டுவந்தார். அதைப் போட்டால் கீச்சென்று ஒரே சத்தம், பழுதாய்ப்போன கெசட் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதற்கு மேலே பயான் பதிவு செய்யாமல் விட்டது அல்லாஹ்வின் கிருபை. ஜூனோவுக்குத் தன் ஞாபகத்தை ஒலியாக மாற்றிக் கெசட்டில் கொட்டவும், அதைத் திருப்பிக் கேட்டு ஞாபகப்படுத்திக்கொள்ளவும் தெரியும். ரெக்கோடரை இணைத்து ஓடவிட்டோம். அந்தக் கீச்சலுக்குள்ளே கொழும்பு இரவுகள் அத்தனையும் இருந்தன.

மிடி என்பதும் ஒருவகையில் அந்தக் கீச்சலைப் போலத்தான். அது இசையல்ல. தரம் 10 மாணவர்களுக்கு இதை விளக்க நான் வரவு இடாப்பைக் காட்டினேன். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்பது இடாப்பில் இருக்கும். அவர் வகுப்பில் என்ன பேசினார் என்பது இராது. நடுவிலுள்ள ‘சி’ கட்டைக்கு மிடியில் 60 என்று பெயர். ஜூனோவின் இடக்கோடிக் கட்டைக்கு 36. ‘36 அமர்ந்தது’, ‘36 எழுந்தது’: இவ்வளவுதான் வயரில் போகும். செக்கனுக்கு 31,250 துணுக்குகள் என்ற வேகத்தில், அப்படி ஒரு செய்தி போய்ச்சேர ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கும் சற்றுக் குறைவாகவே பிடிக்கிறது. எவ்வளவு அழுத்தினாய் என்று சொல்லவும் அந்தச் செய்தியில் ஓர் இடம் உண்டு. ஜூனோவுக்கு அது தெரியாத சமாச்சாரம் என்பதால் அந்த இடத்தில் எப்போதும் ஒரே எண்தான். இன்னொன்று. வயரின் மறுமுனையில் செய்தி மின்சாரமாக உள்ளே நுழைவதில்லை. ஒரு சிறு விளக்கு மின்னும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்போன்ற ஒரு பாகம் அதைப் படிக்கும். இரண்டு கருவிகளுக்கும் இடையில் மின்தொடர்பு கிடையாது, வெளிச்சம் மட்டும். கருவிக்குக் கருவி இரைச்சல் தொற்றாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது.

“அப்ப ரெக்கோட் பண்ணினா என்ன? ரெண்டு தரம் வாசிச்சு ஒண்டுக்கு மேல ஒண்டா போடலாமே” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் நாங்களும் அதைத்தான் யோசித்தோம். ஆனால் இடக்கையின் பாகத்தை வலக்கையால் அந்த வேகத்தில் மாமாவால் வாசிக்க முடியவில்லை. ஒலிப்பதிவை மெதுவாக வாசித்துப் பின்னர் வேகமாக்கினால் கெசட்டில் சுருதியும் மேலே போய்விடும். மிடியில் அந்தத் தொல்லை இல்லை. பதிவாவது கட்டையின் பெயரும் நேரமும் மட்டும். பாதி வேகத்தில் வாசித்து, முழு வேகத்தில் ஓடவிட்டாலும் சுருதி மாறாது; ஏனென்றால் சுருதி பிறப்பது பிறகுதான், ஜூனோவின் வயிற்றில்.

ஆக, பலகை வந்தது, பழைய லெப்டொப் ஒன்றில் இலவச மென்பொருள் வந்தது, வயர் வந்தது. வலக்கைப் பாட்டை மாமா ஒரே அமர்வில் வாசித்து முடித்தார். இனி இடக்கை என்றேன்.

மாமா வலக்கையைக் கீழ்க்கட்டைகளுக்குக் கொண்டுபோனார். நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார். நின்றார்.

“எனக்குத் தெரியல மகன்.”

மறந்துவிட்டதா என்று கேட்டேன்.

“மறக்கல்ல. எனக்கு ஒரு நாளும் தெரியாது. இந்தக் கைக்குத்தான் தெரியும்” என்று மடியில் கிடந்த இடக்கையைத் தலையால் காட்டினார்.

இருபது வருசத்துக்கு மேலாக ஆசிரியராக இருக்கிறேன். ஆசிரிய கலாசாலையில் கல்வி உளவியலும் படித்தேன். அறிவு என்பது தலையில் இருப்பது என்றே எண்ணிப் பழகிய எனக்கு, அன்று அந்தப் பின்னறையில் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. விரல்கள் நாற்பது வருசமாகச் செய்துகொண்டிருந்ததை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வலக்கையை.

அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு, மாமாவே ஒரு வழி சொன்னார். இடக்கையைத் தூக்கிக் கட்டைமேல் வைக்கச் சொன்னார். பாரமாக இருந்தது, குளிர்ந்திருந்தது. விரல்களை நான் ஒவ்வொன்றாக விரித்து வைத்தேன். “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். சுண்டுவிரல் கறுப்புக் கட்டைக்குக் கிட்ட.” பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாயால் தாளத்தைச் சொல்லத் தொடங்கினார். வலக்கை தொடையில் ரபான் தட்டியது. திடீரென்று, “பெருவிரல், இப்ப பெருவிரல்” என்றார். இடக்கையின் பெருவிரல் எந்தக் கட்டைமேல் இருக்கிறதென்று நான் பார்த்துக் கொப்பியில் குறித்தேன். அந்தக் கை அசையவில்லை. ஆனால் எங்கே அசையவேண்டுமென்று அது அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படித்தான் அது நடந்தது. இதற்கு மருத்துவம் என்ன பெயர் வைத்திருக்கிறதோ, நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஒரு மாலையில் இரண்டு வரி, மறுமாலையில் ஒன்றுகூட இல்லை. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, ஜூனோ இல்லாமல் மேசை விளிம்பில் வைத்தே தொடர்ந்தோம். மேசையில் சோக்கால் கட்டைகள் கீறியிருந்தேன். மாமி குப்பிலாம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கமாகப் போகிறவர், போகாமல் வாசற்படியில் இருந்தார். ஒரு இடத்தில் மாமா தடுமாறியபோது, “அதில்ல, அதுக்குப் பொறகு ரெண்டு தரம் தட்டுவீங்களே” என்றார். முப்பது வருசமாகப் பிடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கொப்பியில் எழுதியதை வலக்கை மெதுவாகப் படித்தது. பாதி வேகத்தில், சில இடங்களில் கால் வேகத்தில். லெப்டொப் எல்லாவற்றையும் எண்களாக வாங்கிக்கொண்டது. முழு வேகத்தில், இரண்டு பாகத்தையும் சேர்த்து ஜூனோவுக்குத் திருப்பி அனுப்பினோம்.

கட்டைகள் அசையாமல் கருவி வாசிப்பதைப் பார்ப்பது ஒரு மாதிரியான அனுபவம். இரண்டு பாகமும் ஒரே வயிற்றிலிருந்து, ஒரே கோரஸுக்குள்ளால், ஆறு சுரங்களுக்குள் நெருக்கிக்கொண்டு வந்தன. தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டியிருந்தால் இந்த நெருக்கம் வந்திருக்காது. சுரங்கள் சரியாக இருந்தன. நடை சரியாக இல்லை. மெதுவாக வாசிக்கும்போது பிந்துகிற மயிரிழை, வேகத்தில் வேறு அளவாகிவிடுகிறது. மென்பொருளில் ‘நேராக்கும்’ வசதி ஒன்று உண்டு; முன்பின்னாக விழுந்த சுரங்களைத் தாளக்கோட்டில் கொண்டுவந்து அடுக்கிவிடும். அதையும் கேட்டுப் பார்ப்போம் என்றார் மாமா. இரண்டு சுற்றுக் கேட்டார்.

“ஸ்கூல் ட்ரில் மாதிரி இரிக்கி.”

நேராக்கியதைக் கைவிட்டோம். ஒவ்வொரு சுரமாகப் பிடித்து, திரையில் சிறிது பின்னே தள்ளி, கேட்டு, மறுபடி தள்ளி. இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் மிடியில் நான் கண்ட பெரிய உபகாரம். ஒலியைத் திருத்துவதல்ல, நேரத்தைத் திருத்துவது. மாமா தலையை ஆட்டுகிறவரை தள்ளுவேன்.

மற்றொன்று நாங்கள் எதிர்பாராதது. கருவி தானாக வாசித்துக்கொண்டிருந்தபோது, மாமாவின் வலக்கைக்கு வேலை இருக்கவில்லை. அது சும்மா இருக்கிற கையல்ல. மெல்லப் போய், ஒலியை வடிகட்டுகிற குமிழைத் தொட்டது. தள்ளியது. ஒலி திறந்தது, இருட்டறையின் யன்னலைத் திறப்பதுபோல. பிறகு மூடியது. அந்த மெட்டின் நடுவில் அப்படி ஒரு திறப்பு இருக்கவேண்டுமென்று நாற்பது வருசமாக நினைத்திருந்தாராம். வாசிக்கும்போது இரண்டு கையும் கட்டையில். குமிழைத் தள்ள மூன்றாவது கை ஏது?

அந்தத் தள்ளல் மிடியில் பதிவாகவில்லை. டிசிபிக்குக் கட்டைகளை மட்டுமே தெரியும் என்றேனே. எங்கள் பலகை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதனால் மெட்டை ஓடவிடும் ஒவ்வொரு முறையும் மாமாவே பக்கத்தில் இருந்து குமிழைத் தள்ளவேண்டும். குமிழ் அசைவையும் பதிவு செய்கிற விலைகூடிய பலகைகள் உண்டு, மாற்றிக்கொள்ளலாம் என்று கத்தார்த் தம்பி சொன்னார். மாமா, “தேவயில்ல” என்றார். எனக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. தினமும் அஸருக்குப் பிறகு சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி அவர் பின்னறைக்குப் போவதற்கு அந்தக் குமிழ் ஒரு காரணம்.

டோஹாவிலிருக்கும் மகளுக்கு அந்தக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு சிறு போட்டோவின் அளவுகூட இல்லை அது. அவள் போனில் திறந்து கேட்டுவிட்டு உடனே அழைத்தாள். “இது வேற ஏதோ பியானோ மாதிரி கேக்குது. வாப்பாட ஓர்கன் எங்க?” இடாப்புக் கதையை அவளுக்கும் சொல்லவேண்டியதாயிற்று. ஜூனோ ஒலிக்கும்போதே போனைப் பிடித்துப் பதிவு செய்து அனுப்புங்கள் என்றாள். மாமா இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். மூன்றாவது சுற்றில் ஒரு தாழ்ந்த சுரம், 41ஆம் இலக்கம், சீக்கிரம் எழும்பிவிடுகிறதாம். அதன் நீளம் இன்னும் பிடிபடவில்லை. நேற்றும் ஒரு மணி நேரம் அதில் போனது. கொஞ்சம் நீட்டினேன், தலையாட்டவில்லை. குறைத்தேன், அதற்கும் ஆட்டவில்லை. மாமியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.